சவரிமுத்துவின் வலி வீடு மாறிய கதை

சவரிமுத்துவின் வலி அவரை விட்டு இறங்கிப் போனது ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, அவர் செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தபோது. அது போனதில் சூசையப்பர் தெருவில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. அன்று காலையில்தான் டாக்டர் சந்தானகிருஷ்ணன் "எப்படி இருக்கீங்க சவரிமுத்து?" என்று கேட்க, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு நெருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லியிருந்தார், அதை வலியும் கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இருக்கிற வீட்டிலேயே இல்லை இல்லை என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்லக் கேட்பது. அது படியிறங்கி, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தி, எதிர் வீட்டுத் தையற்காரி லூர்து மேரியின் விலாவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

சவரிமுத்து திண்டுக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வராத பஸ்ஸை "இப்ப வந்துரும்" என்று சொல்லியே ஆயுசில் பாதியைக் கழித்தவர். அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன பொய்களை வரிசையாக நிறுத்தினால் மதுரை வரைக்கும் போகும். பெருங்குடலில் கட்டி வந்து, அறுத்து எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முளைத்து, இப்போது ஈரலில் ஏதோ தெரிகிறது என்கிற இடம் வரைக்கும் வந்தும், அவர் டாக்டரிடம் சொன்ன வாக்கியம் மட்டும் மாறவில்லை. அவர் மனைவி அமலோற்பவம் கான்வென்டில் படித்தவள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் முட்டியில் தட்டிக் கற்றுக்கொடுத்திருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் அவள், "டாக்டர், இவர் ராத்திரி தூங்கறதில்ல, சாப்பாட்டைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுடறார், பேன்ட் இடுப்புல நிக்கல" என்று முழு வாக்கியங்களாகவே சொல்வாள். டாக்டர் நல்ல மனிதர், சிரித்த முகம். "பேஷண்ட்டே நல்லா இருக்கேன்றார், நீங்க ஏம்மா மனசைப் போட்டு அலட்டிக்கறீங்க" என்பார். இரண்டு மரியாதைக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சங்கடம் கொடுக்காமல் பேசிக்கொண்டே தன்னை விதவையாக்கிவிடுவார்கள் என்று அமலோற்பவத்துக்கு அப்போதே தோன்றியது.

லூர்து மேரியிடம் வந்தது சவரிமுத்துவின் வலிதான் என்பதைத் தெரு உடனே கண்டுபிடித்துவிட்டது, ஏனென்றால் அது வரும்போது அவர் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் வாசனை முன்னாலேயே வந்தது. வெள்ளிக்கிழமை அது இஸ்திரி வண்டிக் கோட்டைச்சாமியிடம் போனது, அங்கிருந்து கறிக்கடை ஹனீபாவிடம், பிறகு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் பங்காருசாமியிடம். சவரிமுத்துவின் வலி என்பதால் அதற்கும் அவரைப் போலவே மரியாதை தெரிந்திருந்தது. வாசலில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது, பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கும் சின்னக் குழந்தைகளிடமும் போகவில்லை, ஹனீபா நோன்பு வைத்திருந்த பகல்களில் தெருமுனையில் நின்று காத்திருந்து, கஞ்சி குடித்து முடித்த பிறகே உள்ளே போனது.

தெருவும் பழகிக்கொண்டது. வலி இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் ரசமும் குழைந்த சோறும் கொடுத்தனுப்பினார்கள், அந்த வீட்டு வாசலில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை, மாதா கோவிலில் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் "இந்த வாரம் வலி தங்கியிருக்கும் குடும்பத்துக்காக" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார், கல்யாண ஜாக்கெட் தாமதமானால் பெண்கள் லூர்து மேரியோடு சண்டைக்குப் போகாமல் "வலி வந்துட்டுப் போச்சாக்கா?" என்று விசாரித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஆபரேஷன் ஆன சமயத்தில் டாக்டர் சந்தானகிருஷ்ணன் எழுதிக்கொடுத்திருந்த வலி மாத்திரையை சவரிமுத்து விழுங்குவதில் பிரயோஜனம் இல்லை என்பதால், அன்றைக்கு யாரிடம் வலி இருக்கிறதோ அவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தது வேறு யாருமில்லை, சவரிமுத்துதான். சட்டையை இஸ்திரி போட்டு, ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, தன் வலியைத் தானே பார்க்கப் போவார். "எப்படிப்பா இருக்கு?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் கோட்டைச்சாமி, "பரவாயில்லண்ணே, ஒண்ணும் தெரியல" என்பான். அந்த வலி போகிற இடமெல்லாம் இந்தப் பொய்யையும் கூடவே தூக்கிக்கொண்டு போனது.

போனது வலி மட்டும்தான். நோய் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. வலியில்லாத சவரிமுத்து சிரித்தார், பேப்பர் படித்தார், பழைய டிரைவர்களுக்கு போன் போட்டுப் பேசினார். அவருடைய பெல்ட் மட்டும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது, கண்ணில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது, அதை அமலோற்பவம் ஒருத்திதான் பார்த்தாள்.

"மதுரையில ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம். அங்க போவோம்" என்றாள்.

"பதினஞ்சு வருஷமா இவர்கிட்டத்தான் பார்க்கறோம். அவர் மக கல்யாணத்துல முதல் பந்தியில உக்கார வச்சார். இப்பப் போய் வேற டாக்டர்னா அவர் மனசு என்ன பாடுபடும்."

"உங்க ஈரல் என்ன பாடுபடுதுன்னு கேளுங்க முதல்ல."

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. கோட்டைச்சாமி மூணு நாளா நிமிர முடியாம கெடக்கறான்."

அவளுக்கு இன்னொரு புகைச்சலும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வீட்டுக்குப் போன வலி, அவர் பக்கத்திலேயே படுத்து, அவர் தட்டிலேயே மிச்சம் சாப்பிட்டு, அவர் வாந்தியைத் துடைத்த கட்டின பொண்டாட்டியிடம் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. லூர்து மேரி இதை ஊசியில் நூல் கோர்த்தபடியே கேட்டுவிட்டாள். "உங்களுக்கு இன்னும் வரலையாக்கா? உங்களைக் கண்டா பயம்போல அதுக்கு."

"என்கிட்ட எதுக்கு வரணும், நான் என்ன சத்திரமா நடத்தறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவளுடைய ஆரோக்கியம் அன்றைக்கு அவளுக்கு அவமானமாக இருந்தது.

டாக்டரை மாற்றும் விஷயத்தை முடித்துவைத்தது வலியேதான். ஒருநாள் காலை சவரிமுத்துவும் அமலோற்பவமும் போய் உட்கார்ந்தபோது டாக்டர் சந்தானகிருஷ்ணனின் அறையில் நீலகிரித் தைலம் மணந்தது. சிரித்த முகத்தைக் காணோம். டாக்டர் மேஜையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது கையை விலாவுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு, நெற்றி வேர்த்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், எப்படி இருக்கீங்க?" என்றார் சவரிமுத்து.

டாக்டர் தன் விலாவைக் காட்டினார். "சவரிமுத்து, இது உங்களுதா?"

"மன்னிச்சுக்கணும் டாக்டர். உங்ககிட்டயும் வந்துருச்சா."

"நேத்து சாயங்காலத்துல இருந்து. ஏம்மா," என்று அமலோற்பவம் பக்கம் திரும்பினார், "இப்படி வலிக்குதுன்னு நீங்க ஏன் எனக்குச் சொல்லல?"

அமலோற்பவத்துக்கு நாக்கின் நுனியில் ஏழெட்டு முழு வாக்கியங்கள் வந்து நின்றன, சிஸ்டர் பெர்னதெத்தே காதைப் பொத்திக்கொள்ளக்கூடிய வாக்கியங்கள். டாக்டர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். "மதுரையில ஃபர்ஹானான்னு ஒரு டாக்டர். என்னைவிடச் சின்னப் பொண்ணு, என்னைவிடக் கெட்டிக்காரி. இன்னைக்கே எழுதித் தர்றேன். எனக்கு இந்த வலி வந்தா நான் அங்கதான் போவேன்... வந்துருச்சே."

"உங்க மனசுக்குக் கஷ்டம் இல்லையே டாக்டர்" என்றார் சவரிமுத்து.

"விலா கஷ்டம்தான்யா இப்ப பெருசா இருக்கு. போய்ட்டு வாங்க."

மதுரைக்கு ஒரு வேன் போனது. வலி எப்படி இருக்கும் என்பது சவரிமுத்து வாயிலிருந்து வராது, பட்டவர்கள் வந்து சொன்னால்தானே புது டாக்டருக்குப் புரியும் என்று ஹெட்மாஸ்டர் பங்காருசாமி முடிவு செய்ததால், வலி தங்கியவர்களெல்லாம் கிளம்பினார்கள். புளியோதரை ஒரு தூக்கில், ஹனீபா வீட்டு முட்டை ஒரு தூக்கில். கோட்டைச்சாமி மட்டும் சாப்பிடவில்லை, அன்றைக்கு வலி அவனிடம் திரும்பி வந்திருந்தது. கொடைரோடு தாண்டும்போது ஜன்னலோரம் அவனுக்கு விட்டுக்கொடுத்தார் சவரிமுத்து.

டாக்டர் ஃபர்ஹானா குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காமல் இருந்தார். கம்ப்யூட்டரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அறை நிறைய நின்றவர்களைப் பார்த்தார்.

"யார் பேஷண்ட்?"

எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

"கட்டி இவருக்கு" என்று ஹெட்மாஸ்டர் விளக்கினார். "வலி எங்களுக்கு. முறை வச்சு."

"இப்ப யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட டாக்டர்" என்றது மூலையில் சுவரைப் பிடித்து நின்ற கோட்டைச்சாமியின் குரல்.

டாக்டர் தலையாட்டிவிட்டு சவரிமுத்துவைப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"இல்லையே டாக்டர், நல்லா இருக்கு" என்றார் சவரிமுத்து. மூலையில் கோட்டைச்சாமி "ஐயோ ஆத்தா" என்று தரையில் உட்கார்ந்தான். டாக்டர் இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினார், கோட்டைச்சாமி இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினான். "தப்பா நெனச்சுக்காதப்பா" என்று படுத்தபடியே அவனுக்குச் சமாதானம் சொன்னார் சவரிமுத்து.

பிறகு எல்லோரும் சொன்னார்கள், ஒரே நேரத்தில் சொன்னார்கள். கொக்கியைப் போட்டு மாட்டி வைத்த மாதிரி என்றார் ஹனீபா. அதெல்லாம் இல்லை, மெஷின் ஊசி உடைந்து துணிக்குள்ளேயே தங்கிவிட்ட மாதிரி என்றாள் லூர்து மேரி. சுடுகிற கரி இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் விலாவில் வைத்த மாதிரி என்று தரையிலிருந்து கோட்டைச்சாமி சொன்னான். ஹெட்மாஸ்டர் எல்லோரையும் அடக்கிவிட்டு, தனக்கு அது நெஞ்சு வரைக்கும் வந்ததாகவும் மற்றவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். அதில் ஒரு சண்டை வந்தது.

"ஆளுக்கொரு வலி சொல்றீங்க" என்றார் டாக்டர் ஃபர்ஹானா. "உங்க உடம்புல அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு வேண்டாம். எல்லாரும் வெளிய இருங்க." அவர்கள் போனதும் சவரிமுத்துவிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சார், ஈரல்ல இருக்கறது வளருது. புது மருந்து ஆரம்பிக்கணும், தள்ளிப்போட முடியாது. ஆனா இது முரட்டு மருந்து. ஜுரம் வந்தா எனக்கு உடனே தெரியணும், வாய் வெந்தா தெரியணும், விரல் மரத்தா தெரியணும். நீங்க பாட்டுக்கு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே போய்ச் சேர்ந்துருவீங்க, ஏத்தின பாவம் எனக்கு. திங்கக்கிழமை வாங்க. கூட்டம் வேண்டாம், அம்மா மட்டும் வரட்டும். வலியோட வாங்க. இல்லேன்னா நான் மருந்தைத் தொட மாட்டேன்."

இப்படி ஒரு வாயைக் கண்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அமலோற்பவத்துக்கு மனசு குளிர்ந்துபோனது.

வேனில் சவரிமுத்து மெல்லச் சொன்னார், "சந்தானகிருஷ்ணன் டாக்டர் இப்படியெல்லாம் பேச மாட்டார்."

"மாட்டார். அதனாலதான் இம்புட்டு தூரம் வந்திருக்கோம்."

அந்த வாரம் முழுக்க தெரு சவரிமுத்துவுக்குப் பாடம் நடத்தியது. ஹெட்மாஸ்டர் வீட்டு முன்னறையில் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, 'வலிக்குது' என்று சொல்லப் பழக்கினார்கள். "லேசா உறுத்தற மாதிரி..." என்று ஆரம்பித்து, எதிரில் இருக்கிற முகங்களைப் பார்த்து, "பெருசா ஒண்ணும் இல்ல" என்று முடிப்பார். பொறுமையிழந்த லூர்து மேரி அவர் புறங்கையில் நறுக்கென்று ஊசியால் குத்தினாள். "பரவாயில்லம்மா, தெரியாமத்தானே குத்தின" என்றார். ஹெட்மாஸ்டர் ஃபெயில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமலோற்பவம் முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அந்த வார்த்தை வராவிட்டால் மருந்து இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. ஊர்ல எல்லார்கிட்டயும் போச்சு. என்கிட்ட ஏன் வரல?"

அவர் ஃபேனைப் பார்த்தார். "நீ திட்டுவ."

"வலியையா?"

"என்னை."

"நான் எப்பங்க உங்களைத் திட்டினேன்? சொல்லுங்க, ஒரு நாள் சொல்லுங்க, வாய் இருக்குல்ல" என்று திட்டினாள்.

அவர் புகார் சொல்கிற மாதிரி இல்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். "தலைவலின்னா, ஏன் வலிக்காது, நாள் முழுக்க டிவி பார்த்தா. முட்டி வலின்னா, ஏன் வலிக்காது, நடன்னா நடக்கறதில்ல. முதல் முதல்ல வயித்துல என்னமோ பண்ணுதுன்னு சொன்னப்ப..." நிறுத்திக்கொண்டார். "விடு. நல்லதுக்குத்தான் சொல்லுவ."

ஏன் பண்ணாது, கண்ட கடையில பரோட்டாவை முழுங்கினா. அந்த வாக்கியம் அவளுக்கே ஞாபகம் இருந்தது, முழு வாக்கியம். அவள் கீரையை ஆய்ந்தாள். அன்று ராத்திரி சட்டியில் காம்புதான் வெந்தது. இலையெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது. இரண்டு பேரும் காம்பை மென்று சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் போனார்கள். கிளம்பும்போது வலி லூர்து மேரியிடம் இருந்தது, அவள் வாசலில் நிற்க முடியாமல் ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

"எப்படி இருக்கீங்க சார்?" என்றார் டாக்டர் ஃபர்ஹானா.

"உங்க..." என்று சவரிமுத்துவின் வாய் தானாக ஆரம்பித்தது. நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை, சும்மா இருந்தார். அமலோற்பவத்தின் தொண்டையில் அவருக்காகச் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி முட்டிக்கொண்டு வந்தன. அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அது அவருக்கும் தெரிந்ததுபோல, டாக்டரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பரோட்டாப் பொட்டலத்தோடு மாட்டிக்கொண்ட முகம்.

"அமலு, வலிக்குது."

'ஏன்' என்பது அவள் பல் வரைக்கும் வந்துவிட்டது. அதைத் துணியோடு சேர்த்து விழுங்கினாள்.

"எங்க?" என்றாள்.

அவர் அவள் கையை எடுத்து விலாவுக்குக் கீழே வைத்தார். அந்த இடத்துக்கு வலி இன்னும் வந்திருக்கவில்லை, வெறும் எலும்பும் தோலும். அதற்குள் அவள் போன் அடித்தது. "அக்கா, என்னை விட்டுப் போயிருச்சு" என்றாள் லூர்து மேரி. "பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டுனு எந்திரிச்சுப் போச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கமா தைல வாசம் போறதா கோட்டைச்சாமி சொல்றாரு."

டாக்டர் அடுத்த பேஷண்ட்டைக் கூப்பிட்டார். இவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். சவரிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வலி ஏறியது பைபாஸ் வண்டியா, ஊருக்குள் வருகிற வண்டியா என்று யோசித்தார். "இப்ப வந்துரும்" என்றார். அவர் ஆயுசில் அந்த வார்த்தை முதல்முறையாக நிஜமானது; மாடிப்படியில் நீலகிரித் தைலம் மணந்தது, வராந்தா மிதியடியில் ஏதோ காலைத் துடைத்துக்கொண்டது, சவரிமுத்து அவள் மணிக்கட்டை வளையல் அழுந்தப் பிடித்தார், முகம் வெளிறியது.

"வலி ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு?" என்றார் டாக்டர், அவர்களை மறுபடி உள்ளே கூப்பிட்டு.

"எட்டு. உங்களுக்குச் சங்கடமா இருந்தா ஆறுன்னு போட்டுக்கங்க."

"எட்டு" என்று எழுதினார் டாக்டர். அன்று மத்தியானமே மருந்து ஏறியது, வலி மாத்திரையும் சேரவேண்டிய வயிற்றுக்குச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பால்காரரிடம் வலிக்குது என்றார், தப்பாக போன் போட்டவரிடம் வலிக்குது என்றார், மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் விரல் நுனி மரத்ததை அவரே மதுரைக்கு போன் போட்டுச் சொன்னார், அந்தம்மா உடனே அளவைக் குறைத்தார். தெருவார் ஆரஞ்சோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய குடித்தனக்காரரை விசாரிக்கிற மாதிரி அதை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவை உள்ளிருந்து குரல் வரும்போதும் அமலோற்பவம் அடுப்பைத் தணித்துவிட்டு, "எங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஈரலில் இருப்பது சுருங்குகிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அதுவரைக்கும் கீரையில் இலையைப் போட்டுச் சமைத்தாள்.

ஒரு பிற்பகல், சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார், மாதக்கணக்கில் அவள் பார்த்திராத தூக்கம், வாய் லேசாகத் திறந்து. அவள் முறத்தோடு கூடத்தில் உட்கார்ந்தபோது தைல வாசனை வந்தது. விலாவுக்குக் கீழே ஏதோ வந்து, தயங்கி, இடம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி நின்றது. அவளுக்கு மூச்சு நின்று வந்தது. கொக்கியும் இல்லை, ஊசியும் இல்லை, இஸ்திரிப் பெட்டியும் இல்லை. எல்லோரும் தப்பாகவே சொல்லியிருந்தார்கள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா" என்றாள். "சரி, உக்காரு."

பட்டன் கேட்டு வந்த லூர்து மேரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா, முகம் இப்படி வேர்த்திருக்கு?"

அமலோற்பவம் புது நகையைக் காட்டுகிற மாதிரி விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

"வந்துருச்சாக்கா?"

"மெதுவாப் பேசுடி" என்றாள் அமலோற்பவம். "அவர் எந்திரிச்சா எடுத்துக்குவார்."